வான் நடுங்கினால் வாய் திறந்து சொல்லுங்கள்

(தோட்டத்து மக்கள் மண்டபத்தில் வான், லொறி, திரீவீல் சாரதிகளுக்கும் குடும்பத்தாருக்கும் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



வழக்கமாக இந்த மண்டபத்தில் நாங்கள் பிள்ளைகளின் நிறை, தண்ணீர் கொதிக்க வைப்பது, சேமிப்புப் புத்தகம் என்றுதான் கதைப்போம். இன்றைக்கு வாகனம். "எங்களுக்கு ஏதுங்க வாகனம், கொழுந்துக் கூடைதான் இருக்கு" என்று பின் வரிசையில் ஓர் அம்மா சொல்வது காதில் விழுகிறது. சரிதான் அம்மா. வாகனம் நமக்குச் சொந்தமில்லை. ஆனால் அதற்குள் ஏறி உட்காருவது நாமும் நம்ம பிள்ளைகளும்தானே. வாடகை வானில் 14 பேர், மடியில் பிள்ளைகள் வேறு, கூரையில் சாமான். ஆகவே இது சாரதிமாருக்கு மட்டும் உள்ள பேச்சு இல்லை.

இப்போது நம்ம ஆட்கள் கீழே கரையோரம் போவது கூடிவிட்டது. முன்பு கதிர்காமத்துக்கும் உகந்தைமலைக்கும் என்று வருஷத்துக்கு ஒரு தடவை. இப்போது ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் எடுபட்டுப் போகிறார்கள். கொண்டுபோய் விட ஒரு வான், லீவுக்குக் கூட்டிவர ஒரு வான். மருதமுனைக்குப் போய் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்கி வந்து லயத்தில் தவணைக்கு விற்கிற அக்காமாரும் இருக்கிறார்கள். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். போகிற வண்டி எப்படி என்பதுதான் எங்கள் கேள்வி.

நம்ம இடத்திலிருந்து கல்முனைக்குப் போகிற வழியை நினைத்துப் பாருங்கள். ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேலே. பெரகலையில் திரும்பி, கொஸ்லந்தை தாண்டி, வெல்லவாய வரைக்கும் முடக்கு முடக்காக இறக்கம். பிறகு மொனராகலை, சியம்பலாண்டுவ. பொத்துவிலுக்கு வந்தால் கடல். அதற்குப் பிறகு கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று கரையோடு நேரான சமதரை. இந்த ஒரு பயணத்துக்குள் வண்டிக்கு இரண்டு விதமான சோதனை இருக்கிறது. இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும். சமதரை சில்லையும் ஸ்டியரிங்கையும் சோதிக்கும். மலையில் மணிக்கு 30 கிலோமீற்றரில் ஓடும்போது ஒளிந்திருந்த வருத்தம், கோமாரி தாண்டி 70ஐத் தொட்டதும் வெளியே வந்துவிடும். அதனால்தான் "இங்கே நல்லாத்தானே ஓடிச்சு, கடற்கரைக்குப் போனதும் வண்டிக்கு என்னமோ பிடிச்சிட்டு" என்று சொல்கிறோம். கடற்கரையில் ஒன்றும் பிடிக்கவில்லை. இங்கிருந்தே கொண்டுபோனதுதான்.

ஏன் வேகத்தில் மட்டும் தெரிகிறது? பேக்டரியில் வேலை செய்கிற ஆட்களுக்கு இது நன்றாக விளங்கும். கொழுந்து வாட்டுகிற இடத்தில் பெரிய ஃபேன் சுற்றுகிறதே, அதன் ஓர் இதழில் மட்டும் தூசியும் பிசினும் படிந்தால் என்ன ஆகும்? மெதுவாகச் சுற்றும்போது ஒன்றுமில்லை. வேகம் ஏற ஏற முழுச் சட்டமும் அதிரும். துடைத்து விட்டால் நின்றுவிடும். வண்டிச் சில்லும் அப்படித்தான். ஒரு பக்கத்தில் கொஞ்சம் பாரம் கூடினால் அந்தப் பாரம் சில்லை வெளியே இழுத்துக்கொண்டே சுற்றும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுவை நான்கு மடங்கு. சில கிராம்கள்தான், ஆனால் வேகத்தில் கையை நடுங்க வைத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 70, 80இல் நடுங்கிய வண்டி 100இல் நடுக்கம் குறைந்தது போல ஓடும். ஊஞ்சலைப் பாருங்கள். அது வந்து போகிற தாளத்துக்கு ஏற்றபடி தள்ளினால் உயரமாக ஆடும், தாளம் தப்பித் தள்ளினால் ஆடாது. சில்லின் அடியும் வண்டியின் ஸ்பிரிங் தாளமும் ஒத்துப் போகிற வேகத்தில்தான் ஆட்டம் பெரிதாகும். இதைத் தெரிந்துகொண்ட சில சாரதித் தம்பிமார், நடுக்கம் வந்தால் இன்னும் மிதித்துத் தாண்டிவிடுகிறார்கள். அது வைத்தியம் இல்லை தம்பி. ஊருக்கு வெளியே வானுக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் சட்டம் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறோம்.

இப்போது ஓர் உண்மையான சங்கதி சொல்கிறோம். நம்ம பகுதியிலிருந்து ஒரு குடும்பம் மகளைப் பல்கலைக்கழகத்தில் விடப் போனது. நாங்களும் விடுதிக் கடிதம் சம்பந்தமாகக் கூடப் போனோம். முதல் நாள் நல்ல மழை. வான் தோட்டத்து மண் ரோட்டில் ஏறி இறங்கித்தான் லயத்து வாசலுக்கு வந்தது. பொத்துவில் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கிவிட்டது. சாரதித் தம்பி ஒன்றும் பேசவில்லை. பெண்ணின் தகப்பன் பேக்டரியில் பிட்டருக்கு உதவியாள். அவர்தான் "தம்பி, கை ஆடுதே" என்று கேட்டார். "ரோடு சரியில்லை அண்ணே" என்று பதில் வந்தது. ரோடு கண்ணாடி போல இருந்தது.

வழியில் ஒரு கராஜில் நிறுத்தினோம். அங்கே கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "அலைன்மென்ட் பிழை" என்று சொல்லி, செய்து, காசும் வாங்கினார்கள். ஐந்து கட்டை போகவில்லை, மறுபடியும் அதே நடுக்கம். கல்முனைக்குப் போனதும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கேட்டு, உள் வீதியில் ஒரு சின்னக் கராஜுக்குப் போனோம். வயதான மெக்கானிக் ஒருவர், சாரம் கட்டிக்கொண்டு, தலையில் தொப்பி. அவர் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான்.

"எத்தினையில நடுங்குது தம்பி?"

"எழுபதுல காக்கா."

"பிரேக் புடிச்சா நடுங்குதா, புடிக்காமலே நடுங்குதா?"

"புடிக்காமலே."

"ஸ்டியரிங் ஆடுதா, இருக்கிற சீட்டு ஆடுதா?"

"ஸ்டியரிங்தான் காக்கா."

"பள்ளத்துல விழுந்தா கூடுதா?"

"கூடுது. கொஞ்ச நேரம் ஆடிட்டுத்தான் நிக்குது."

அவ்வளவுதான். முன் சில்லு இரண்டையும் ஜெக் போட்டுத் தூக்கினார். சில்லின் உள்பக்கத்தில் கை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மலைநாட்ட அள்ளிக்கிட்டு வந்திருக்கியள்" என்றார். ரிம்முக்கு உள்ளே நம்ம தோட்டத்துச் செம்மண் காய்ந்து கட்டியாக ஒட்டிப் போயிருந்தது. சுரண்டிக் கொட்டினால் ஒரு பிடிக்கு மேல் வந்தது. பிறகு சில்லை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். இடப்பக்கச் சில்லில் "டொக் டொக்" என்றது. டை ரொட் எண்ட் தேய்ந்து லூஸாகியிருந்தது. மண் நடுக்கத்தைத் தொடக்கியது. லூஸ் அதைப் பெரிதாக்கியது. பழைய எண்டைக் கழற்றி அவர் கையில் தந்தபோது அது பல் ஆடுவது போல ஆடியது. அது கழன்றிருந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம். அந்த வானில் நாங்கள் 11 பேர்.

அலைன்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. அது பிழைத்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நடுக்கத்துக்குப் பெரும்பாலும் அது காரணம் இல்லை. நடுங்கினால் "பலன்ஸ்" பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. அதோடு, தேய்ந்த எண்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் அது நிற்கவே நிற்காது. முதலில் தேய்ந்த சாமானை மாற்றி, பிறகுதான் அலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றிச் செய்வதால் நம்ம சாரதிமார் வீணாக்குகிற காசு கொஞ்சமில்லை.

அந்தக் காக்கா கேட்ட கேள்விகளை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மருந்துக்கடை ஐயா "எங்கே நோகுது, எப்போது நோகுது, சாப்பிட்ட பிறகா முன்னாலா" என்று கேட்கிறாரே, அதே மாதிரிதான். ஸ்டியரிங் ஆடினால் முன் சில்லு. நாம் இருக்கிற சீட்டும் தரையும் ஆடினால் பின் சில்லு அல்லது வண்டிக்கு அடியில் ஓடுகிற புரொப்பல்லர் ஷாஃப்ட். இதை முன்னால் இருக்கிற சாரதியை விடப் பின் சீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேகமே இல்லாமல், 20, 30இலேயே வண்டி வாத்து நடக்கிற மாதிரி அசைந்து அசைந்து போனால் அது பலன்ஸ் இல்லை. ரிம் நெளிந்திருக்கும், அல்லது டயருக்குள் நூல் அறுந்து ஓரிடத்தில் புடைத்திருக்கும். கொதித்த பாலில் ஆடை எழும்புவது போல டயரின் பக்கத்தில் வீக்கம் தெரிந்தால் அந்த டயரில் ஒரு கட்டை தூரமும் போகக்கூடாது. அது வெடிக்கிற டயர். தட்டையான டயர் என்றும் ஒன்று உண்டு. 2022இல் பெற்றோல், டீசல் இல்லாமல் வண்டிகள் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது ஞாபகம் இருக்கும். அப்படி நின்ற டயர் தரையில் படுகிற இடத்தில் தட்டையாகிவிடும். ஓடத் தொடங்கியதும் கொஞ்ச நேரம் அதிரும், சூடேறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் டயர் போய்விட்டது என்று அர்த்தம்.

டயரின் வயதை நீங்களே பார்க்கலாம். பக்கத்தில் நான்கு இலக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், ரப்பர் வயதாகி வெடித்துப் போயிருக்கும். ரீபில்ட் டயரைப் பின்னால் போட்டாலும் முன் சில்லுக்குப் போடாதீர்கள் தம்பிமாரே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருஷமும் பழைய வண்டிகளையே ஒட்டுப் போட்டு ஓட்டினோம். நம்ம பக்கம் ஓடுகிற டொல்பின் வான்களில் பல, அவற்றின் சாரதிமாரை விட வயது கூடியவை. வண்டி பழசு என்பது குற்றமில்லை. பார்க்காமல் ஓட்டுவதுதான் குற்றம்.

எல்லாவற்றிலும் சுலபமானதும் பயங்கரமானதும் நட் லூஸ். டயர் மாற்றிய பிறகு திடீரென்று நடுக்கமும் "டக் டக்" சத்தமும் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நட்டைச் சுற்றி வரிசையாக இறுக்கக்கூடாது. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கம் உள்ளது. சில்லைக் கழற்றிப் பூட்டிய பின் 50, 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். பல கராஜில் இதைச் சொல்வதே இல்லை.

இனி இறக்கத்துக்கு வருவோம். இது நம்மை விடக் கரையோரத்துச் சாரதிமாருக்குத்தான் புதிது. கல்முனை, சாய்ந்தமருது பக்கத்திலிருந்து நுவரெலியா பார்க்க வான் வானாக வருகிறார்கள். அவர்கள் ஊரில் இறக்கம் என்றால் பாலத்தில் இறங்குவதுதான். 1800 மீற்றருக்கு மேலேயிருந்து பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். டிஸ்க் சூடாகும், கருகிய வாடை வரும், டிஸ்க் நீலம் பாரிக்கும். பிறகு பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கும், பிரேக் பெடலும் காலைத் தள்ளித் தள்ளிக் கொடுக்கும். பிரேக் பிடித்தால் நடுக்கம், விட்டால் இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம், டிஸ்க் அல்லது ட்ரம். டயருக்கும் பலன்ஸுக்கும் காசு கொடுக்காதீர்கள். (புது வண்டிகளில் ஏ.பி.எஸ். என்று ஒன்று இருக்கிறது. அவசரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது பெடல் துடிப்பது அதன் இயல்பு. அது பழுதில்லை.)

சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஒயில் கொதித்துவிடும். பெடல் பஞ்சு போலக் கீழே போகும். அப்போது நடுக்கமும் இல்லை, சத்தமும் இல்லை, பிரேக்கும் இல்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சாமான். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். நம்ம மலைக்கும் கரையோரத்துக்கும் இது முக்கியம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லொறிக்காரர் சொல்வார்களே, அந்தப் பேச்சை விட நல்ல பேச்சு இதுவரை யாரும் சொல்லவில்லை. பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வாடை வந்தால் ஒதுக்கி நிறுத்தி ஆறவிட வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் நெளிந்துவிடும் அல்லது வெடித்துவிடும். பீலித் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று வாளியோடு ஓடாதீர்கள்.

2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்தது. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த பஸ் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இரண்டும் நாம் கரையோரத்துக்கு இறங்குகிற ரோடுகள். ஒவ்வொரு விபத்துக்கும் அதனதன் காரணம் உண்டு, அதை விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: அந்த ரோட்டில் இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது.

இப்போது சத்தங்கள். வண்டிச் சத்தத்தை வாயால் செய்துகாட்டத் தெரிந்தவன் பாதி மெக்கானிக். வெட்கப்படாமல் செய்துகாட்டுங்கள்.

"ம்ம்ம்" என்று தேனீக்கூடு மாதிரி, வேகம் கூடக் கூடக் கூடினால் சில்லுப் பெயரிங். டயரும் இப்படிக் கத்தும். வித்தியாசம் என்னவென்றால், ரோடு மாறினால் டயர்ச் சத்தம் மாறும், பெயரிங் சத்தம் மாறாது. வண்டியை இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலப்பக்கச் சில்லில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பெயரிங். வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடப்பக்கம். பேக்டரியில் பிட்டர் ஸ்க்ரூ டிரைவரை ரோலர் பெயரிங்கில் வைத்து மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்கிறாரே, வண்டிக்கும் அதே காதுதான் வேண்டும்.

திருப்பத்தில் மட்டும் "டக டக டக" என்றால், முன் சில்லால் இழுக்கிற சின்னக் கார்களில், சி.வி. ஜொயின்ட். அதை மூடியிருக்கிற ரப்பர் உறை கிழிந்து கிறீஸ் சிந்தியிருக்கும். முன் சில்லின் உள்பக்கம் கறுப்பாக கிறீஸ் தெறித்திருந்தால் இன்னும் சத்தம் வராவிட்டாலும் உறையை உடனே மாற்றுங்கள். கடற்கரை மணல் உள்ளே போனால் ஜொயின்ட் சீக்கிரம் அரைபட்டுப் போகும். உறையின் விலை கொஞ்சம், ஜொயின்டின் விலை அதிகம்.

பின் சில்லு இழுக்கிற வான், லொறிகளில் ரிவர்ஸிலிருந்து முன்னுக்குப் போடும்போது "டங்" என்று ஓர் அடி. அது புரொப்பல்லர் ஷாஃப்டின் சிலுவை ஜொயின்ட். பள்ளத்தில் விழும்போது "டொக்" என்றால் புஷ், போல் ஜொயின்ட், ஷொக் அப்சோபர் பூட்டியிருக்கிற இடம். இதில் போல் ஜொயின்ட் மட்டும் தள்ளிப்போடக்கூடாதது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது "கீய்ங்" என்றால் பெல்ட் லூஸ். பசுமாடு முனகுவது போல இருந்தால் பவர் ஸ்டியரிங் ஒயில் குறைவு. பிரேக்கில் "கிரீச்" என்றால் பேட் முடியப்போகிறது என்று அதுவே மணி அடிக்கிறது. "கர்ர்" என்று இரும்பும் இரும்பும் உரசினால் பேட் முடிந்து பல நாள் ஆகிவிட்டது.

கல்முனையில் இரவு தங்கிவிட்டு விடியப்புறம் வண்டியை எடுத்ததும் பிரேக்கில் "சர் சர்" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். உப்புக் காற்றில் ஒரே இரவில் டிஸ்க் மேல் துரு படிந்துவிடும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். போகாவிட்டால் டிஸ்குக்கும் தகட்டுக்கும் நடுவில் கல்லோ மணலோ இருக்கலாம். ஆனால் உப்பு கண்ணுக்குத் தெரியாத வேலையும் செய்யும். கடற்கரைக்குப் போய் வந்ததும் வண்டியின் மேலே கழுவிப் பளபளப்பாக்குகிறோம். கழுவ வேண்டியது அடிப்பக்கம். பிரேக் பைப், ஸ்பிரிங், ஸ்டியரிங் எண்டுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நல்ல தண்ணீரை அடியில் பாய்ச்சுங்கள். ரிம் உள்பக்கத்து மண்ணையும் அதே நேரம் எடுத்துவிடலாம்.

திரீவீல் தம்பிமார் "எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லையே" என்று பார்க்கிறீர்கள். உங்கள் வண்டிக்கு முன்னால் ஒரே சில்லு. ஹேண்டில் ஆடினால் முதலில் காற்று, அடுத்து முன் சில்லுப் பெயரிங், பிறகு ஹேண்டில் தண்டின் கோன் செட். முன் சில்லைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் அசைத்தால் லூஸ் கையிலேயே தெரியும். பிள்ளைகளை ஏழெட்டுப் பேராக ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வண்டிகள் இவை. மேலே சொல்லத் தேவையில்லை.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது பலமாக நடுங்கினால் என்ன செய்வது? ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்து, தானாக வேகம் குறைய விட்டு ஓரம் கட்டுங்கள். திடீர் பிரேக் வேண்டாம். டயர் வெடித்தாலும் இதேதான். உள்ளே இருக்கிற நாம் கத்திக் கூச்சல் போடாமல் இருந்தால் அது சாரதிக்குச் செய்கிற பெரிய உதவி.

"சாரதிகிட்ட சொன்னா கோவிச்சுக்குவாரு" என்று அம்மாமார் சொல்கிறீர்கள். கோபித்துக்கொள்ளட்டுமே. காசு கொடுப்பது நாம். வானைப் பேசும்போதே, வாடகை பேசுவதோடு, "தம்பி, டயர் எப்போ போட்டது, பிரேக் எப்போ பார்த்தது" என்று கேளுங்கள். புகைச் சான்றிதழும் லைசன்ஸும் இருக்கிறது என்று கண்ணாடியைக் காட்டுவார். புகைச் சோதனை புகையைத்தான் பார்க்கும், டை ரொட் எண்டைப் பார்க்காது. நல்ல சாரதி இப்படிக் கேட்டால் சந்தோஷப்படுவார். எரிந்து விழுகிறவரை விட்டுவிட்டு அடுத்த வானைப் பேசுங்கள்.

கராஜுக்குப் போனால் "வண்டி சரியில்லை, பாருங்க" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எந்த வேகம், பிரேக்கிலா திருப்பத்திலா, கையிலா சீட்டிலா, எந்தப் பக்கம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். கல்முனைக் காக்கா கேட்காமலே தந்தார். எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள்.

போதும், வெயில் இறங்குகிறது. வெளியே நம்ம தம்பி ஒருவர் தன் வானைக் கொண்டுவந்து முன் சில்லு இரண்டையும் ஜெக் போட்டுத் தூக்கி, அடியில் கட்டை வைத்து, பின் சில்லுக்கும் கல் வைத்திருக்கிறார். ஜெக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. ஒவ்வொருவராக வந்து சில்லைப் பிடித்துப் பாருங்கள். முதலில் இடமும் வலமுமாக, மணிக்கூட்டில் 9க்கும் 3க்கும் கை வைத்து ஆட்டுங்கள். அதில் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் எண்டுகள். பிறகு மேலும் கீழுமாக, 12க்கும் 6க்கும் கை வைத்து ஆட்டுங்கள். அதில் ஆட்டம் இருந்தால் பெயரிங் அல்லது போல் ஜொயின்ட். இரண்டில் எது என்று பிரிக்க, ஒருவர் உள்ளே ஏறிப் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட். அம்மாமாரும் வாருங்கள், கையில் கிறீஸ் பட்டால் கழுவ சவர்க்காரம் வைத்திருக்கிறோம். அந்த வானில் ஒரு சில்லு லூஸ். எந்தச் சில்லு என்று நாங்கள் சொல்லமாட்டோம்.